கூதிர் அறிதல்: நெடுநல்வாடையும் பினாங்கு வாசகரும்

தொல்காப்பியம் முதற்பொருள் எனக் குறிப்பது நிலமும் பொழுதும் ஆகும். இவ்விரண்டனுள் நிலத்தைக் கற்பிப்பதில் மலேசியத் தமிழாசிரியர்க்குப் பெருந்தடை இல்லை. மலையும் காடும் வயலும் கடலும் இந்நாட்டு மாணவர் கண்டறிந்தவை. பொழுதைக் கற்பிக்கும்போதுதான் வகுப்பு தளர்ந்துவிடுகிறது. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்னும் ஆறும் அவற்றிற்குரிய மாதங்களும் பலகையில் எழுதப்படுகின்றன. மாணவர் படியெடுத்துக்கொள்கின்றனர், தேர்வில் பிழையின்றி எழுதியும் விடுகின்றனர். சில ஆண்டுகளுக்கு முன் பினாங்கில் பயிற்சி ஆசிரியர் குழு ஒன்றுக்கு நெடுநல்வாடை நடத்திக்கொண்டிருந்தேன். ஒருவர் எழுந்து, "டாக்டர், இங்கே வெயிலும் மழையும் தவிர வேறென்ன இருக்கிறது? இல்லாத ஒன்றை எப்படி நடத்துவது?" என்று கேட்டார். அன்று நான் சொன்ன விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. ஐரோப்பாவின் இலையுதிர் காலத்தையும் குளிர்காலத்தையும் எண்ணிக்கொள்ளுங்கள் என்றேன். அவ்விடை தவறானது என்பதையும், நெடுநல்வாடையே அதனை மறுக்கிறது என்பதையும் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கம்.

கூதிர் என்னும் சொல்லுக்கு ஆங்கில வழி வந்த வாசகர் மனத்தில் எழும் ஓவியம் செம்மஞ்சள் இலைகள் உதிரும் சாலையாகும். முனைவர்ப் பட்ட ஆய்வுக்காக இலண்டனில் தங்கியிருந்த ஆண்டுகளில் அவ்வோவியத்தை நேரில் கண்டேன். செப்டம்பர் இறுதியில் பூங்காக்களில் குதிரைக் கொட்டை மரத்தின் காய்கள் வெடித்து விழும். அக்டோபர் இறுதியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளி வைப்பர். மறுநாள் மாலை நான்கரை மணிக்கெல்லாம் இருள் சூழத் தொடங்கியிருக்கும். இலை உதிர்வதைவிட அந்த இருளே என்னை வருத்தியது. கூதிர் என்றால் இதுதான் போலும் என்று அன்று எண்ணினேன். பின்னர் மூலத்தை மீண்டும் படித்தபோது, நக்கீரர் பாடலில் இலை உதிர்வதாக எங்கும் இல்லை என்பது கண்ணில் பட்டது. மாறாக எல்லாம் பூத்தும் காய்த்தும் நிற்கின்றன. புதர்தோறும் முசுண்டை வெண்மையாகவும் பீர்க்கு பொன்னிறமாகவும் மலர்கின்றன. நெற்கதிர் முற்றி வளைகிறது. கமுகின் பசுங்காய் திரண்டு முதிர்கிறது. சங்கப் பாக்களில் மரங்கள் இலையற்று நிற்பதைக் காண விரும்புவோர் பாலைத்திணைக்குச் செல்ல வேண்டும். அங்கே இலையைக் கொள்வது வெயில். ஐரோப்பியனுக்குக் குளிரின் முன்னறிவிப்பாகிய இலையுதிர்வு, பழந்தமிழனுக்கு வெம்மையின் அடையாளமாக இருந்தது.

இன்னொரு சமன்பாடும் நம் பாடக்குறிப்புகளில் வழங்கி வருகிறது. வடமொழியின் ஆறு இருதுக்களைத் தமிழின் ஆறு பெரும்பொழுதுகளோடு வரிசையாகப் பொருத்தி, சரத் என்பதே கூதிர் என எழுதிவிடுகின்றனர். மாதக் கணக்கில் இது பெரும்பாலும் பொருந்தும். ஆயின் காளிதாசனின் இருது சங்காரத்தில் மூன்றாவதாக வரும் சரத், மழை ஓய்ந்து வானம் தெளிந்து நிலவு ஒளிரும் காலமாகும். ஆறுகள் தெளியும், தாமரை மலரும். வட இந்தியாவில் தென்மேற்குப் பருவமழை விடைபெறும் காலம் அது. தமிழகத்தின் கிழக்குப் பகுதிக்கோ அப்போதுதான் வடகிழக்குப் பருவமழை வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் அங்கே வானம் மூடுகிறது. ஒரே மாதத்தில் ஒரு நாட்டில் நிலவும் மற்றொரு நாட்டில் தூறலும் என்றால், இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பது எங்ஙனம்? நெடுநல்வாடை முழுவதும் கதிரவன் மறைந்து கிடப்பதை மறந்தவர்க்கே சரத்தும் கூதிரும் ஒன்றாகத் தோன்றும்.

கதிரவன் மறைவு என்னும் இந்தச் செய்தியே பாடலின் திறவுகோல் என்பது என் கருத்து. 188 அடிகளால் அமைந்த இப்பாட்டைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் ஒரு வினாவைச் சுற்றியே நடந்துள்ளன: இது அகமா, புறமா? இறுதிப் பகுதியில் வேலின் தலையில் வேம்பு கட்டப்பட்டிருப்பதாக வரும் குறிப்பு பாண்டியனைச் சுட்டிவிடுவதால் இது புறமாயிற்று என்று நச்சினார்க்கினியர் கொண்டார். ஒரு மரத்தின் தழை ஒரு பெரும்பாட்டின் திணையையே மாற்றிவிடுகிறது. அவ்வினாவை இங்கு மீண்டும் எழுப்ப விரும்பவில்லை. அதற்குரிய மை ஏற்கெனவே மிகுதியாகச் செலவாகிவிட்டது. எனினும் ஓர் அடையாளத்தை அத்துணைக் கூர்மையாகப் படிக்கத் தெரிந்த உரைமரபு, பாடலின் முற்பகுதியில் நிறைந்து கிடக்கும் ஏனைய அடையாளங்களைப் பருவ வருணனை என்ற ஒரே பெயரால் கடந்துவிட்டது என்பதைச் சுட்ட வேண்டியுள்ளது.

அப்பகுதியைச் சற்று நின்று பார்ப்போம். புதுமழையை வெறுத்த கோவலர் ஆநிரையை வேறு நிலத்திற்கு ஓட்டிச் செல்கின்றனர். அவர்கள் சூடிய காந்தள் கண்ணி நீரலைப்பால் கலைகிறது. தீயில் கையைக் காய்ச்சிக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு நடுங்குகின்றனர். விலங்குகள் மேய்தலை மறக்கின்றன. குரங்கு ஒடுங்குகிறது. பறவை கீழே விழுகிறது. பால் தரும் பசு கன்றை உதைத்து விலக்குகிறது. கூதிர் என்ற பெயர் பன்னிரண்டாம் அடியில் ஒருமுறை வருகிறதாயினும், கூதிர் நிலைபெற்றுவிட்டது என்னும் முடிபு ஏறத்தாழ எழுபது அடிகளுக்குப் பின்னரே உரைக்கப்படுகிறது. இடைப்பட்ட அடிகள் அனைத்தும் அம்முடிபுக்கான சான்றுகளாக அடுக்கப்பட்டுள்ளன. ஆடு மாடு தொடங்கி அரண்மனை ஏவலர் வரை ஒவ்வோர் உயிரும் தன் வழக்கமான செயலொன்றைக் கைவிடுகிறது. இங்குக் கூதிரின் அடையாளம் புதிதாகத் தோன்றும் பொருளினும், மிகுதியும் வழக்கம் தடைப்படுவதிலேயே உள்ளது.

மூதூருக்குள் நுழைந்த பிறகு இது இன்னும் நுட்பமாகிறது. மாலை வந்ததா என்பதை மகளிர் வானத்தைப் பார்த்து அறிய இயலவில்லை. ஆகவே பறித்து வைத்த பிச்சி அரும்புகள் இதழ் விரிந்து மணக்கும் நேரத்தைக் கொண்டு பொழுதை அறிந்து, இரும்பு விளக்கை ஏற்றி, நெல்லும் மலரும் தூவித் தொழுகின்றனர். இதற்கு நேர்மாறாக மாடப்புறா வைக்கப்பட்டுள்ளது. இரவையும் பகலையும் பிரித்தறியாமல், இரை தேடச் செல்லாமல், கால் மாற்றி மாற்றி நின்ற இடத்திலேயே நிற்கிறது. மகளிர்க்கு மாற்று வழி தெரிந்திருந்தது, புறாவுக்குத் தெரியவில்லை. மனிதன் இயற்கையிலிருந்து பெறும் அறிவு எப்போதும் நேரடியானதன்று, ஒன்று மறைந்தால் மற்றொன்றைக் கொண்டு உய்த்துணர்வது என்பதை இவ்விரு காட்சிகளும் ஒன்றையொன்று தொட்டுக் காட்டுகின்றன.

அடுத்து வருவன செல்வர் இல்லத்துப் பொருள்கள். வடநாட்டுச் சந்தனக்கல் கைவிடப்படுகிறது. விசிறியைச் சுருக்கித் தொங்கவிட்டதில் சிலந்தி நூல் இழைத்துள்ளது. தென்றலுக்காகத் திறக்கும் மேல்மாடச் சாளரம் தாழிடப்படுகிறது. குறுகிய வாய்க் குடத்து நீரை விடுத்துத் தீச்சட்டியை நாடுகின்றனர். குளிரால் நரம்பின் இசை திரிந்த யாழை ஆடல் மகளிர் தம் மார்பின் வெம்மையால் தடவிப் பண் நிறுத்துகின்றனர். இக்கடைசிக் காட்சியை நம் ஆசிரியர்கள் கூச்சம் கருதித் தாண்டிச் செல்வதுண்டு. ஆனால் பருவம் ஓர் இசைக்கருவிக்குள் புகுந்து சுருதியைக் கெடுப்பதாகக் கூறும் இவ்விடத்தைத் தாண்டிவிட்டால் பாட்டின் பாதி வலிமை போய்விடும்.

மு.வரதராசனார் சங்க இலக்கியத்தில் இயற்கை பெற்ற இடத்தை ஆராய்ந்து, அது மனித உணர்வுக்குப் பின்புலமாக அமைகிறது என்ற கருத்தை நிலைநிறுத்தினார். மலாயாப் பல்கலைக்கழக இந்தியவியல் துறையை 1960களில் வழிநடத்திய தனிநாயக அடிகளாரும் நிலமும் கவிதையும் பற்றி 1966இல் ஆங்கில நூலொன்றை வெளியிட்டு அவ்வாய்வை உலகறியச் செய்தார். இருவர்க்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆயினும் பின்புலம் என்னும் சொல் நெடுநல்வாடைக்குப் போதாது. பின்புலத்தைக் கதைமாந்தர் பார்க்க வேண்டியதில்லை. பார்வையாளன் பார்த்தால் போதும். இப்பாட்டிலோ மாந்தர்கள் பார்க்கிறார்கள், முகர்கிறார்கள், தவறிவிடுகிறார்கள், வேறு வழியில் கண்டுபிடிக்கிறார்கள். பருவத்தை அறிதல் என்பதே ஒரு செயலாக இங்கு நிகழ்கிறது.

குறுந்தொகையின் முல்லைப் பாடல்களை ஒப்பிட்டால் இது தெளிவாகும். தலைவன் குறித்த கார் வந்துவிட்டது. கொன்றை பூத்துவிட்டது. 66ஆம் பாடலில் கோவர்த்தனார் படைத்த தோழி, கொன்றை மரம் அறிவற்றது, காலமல்லாத மழையைக் கார் என்று மயங்கிப் பூத்துவிட்டது என்கிறாள். 251இல் இடைக்காடனாரின் தோழி அதே குற்றத்தை மயில்கள்மீது சுமத்துகிறாள். 21ஆம் பாடலில் ஓதலாந்தையாரின் தலைவி இன்னும் ஒருபடி செல்கிறாள். காடே காரென்று சொன்னாலும் நம்பமாட்டேன், அவர் பொய் கூறார் என்கிறாள். இம்மூவரும் அடையாளத்தைக் காணாதவர் அல்லர். கண்ட பின்னர் அதனோடு வழக்காடுகிறார்கள். ஒரு பூ சொல்லும் சான்றுக்கும் ஒரு மனிதன் தந்த சொல்லுக்கும் இடையே எதை ஏற்பது என்பதே அங்கு எழும் சிக்கல். கூதிர்ப் பாடல்களில் இவ்வழக்காடலுக்கு இடமிருப்பதில்லை. வாடை வீசத் தொடங்கியபின் மறுப்பதற்கு ஒன்றுமில்லை. 110ஆம் குறுந்தொகைப் பாடலின் தலைவி அதனால்தான் அவர் வந்தாலும் வராவிட்டாலும் நமக்கு என்ன என்று கசந்து பேசுகிறாள். கருவிளையை அசைத்து ஈங்கை மலரை உதிர்க்கும் வாடை அவளுடைய பொறுமையின் எல்லையைக் குறிக்கிறது.

மீண்டும் நெடுநல்வாடைக்கு வருவோம். ஊர் முழுவதும் அடையாளங்களைப் படித்துக்கொண்டிருக்கையில், படிக்காதவர் ஒருவர் இருக்கிறார். அவர் பாட்டின் தலைவியாகிய அரசி. அவளுடைய மாளிகையைக் கட்டியோர் நண்பகலில் கோல் நாட்டி நிழலளந்து, கயிறிட்டுத் திசை வகுத்தனர் என்று நக்கீரர் விரிவாகக் கூறுகிறார். அதாவது அம்மாளிகை ஞாயிறு தெளிவாகத் தெரிந்த ஒரு நாளின் படைப்பு. இன்று அதற்குள் இருப்பவளுக்கு ஞாயிறு இல்லை. பிச்சி அரும்பும் இல்லை. யானை மருப்பால் இயன்ற கட்டிலில் கிடந்து, மேலே விதானத்தில் மெழுகு பூசி எழுதிய ஓவியத்தைப் பார்க்கிறாள். அதில் மேடம் முதலான இராசிகளிடையே ஞாயிறு திரிகிறது. திங்களோடு உரோகிணி பிரியாமல் நிற்கிறாள். உரோகிணியைக் கண்டு அரசி பெருமூச்சு விடுகிறாள். உண்மையான வானம் மூடிக்கிடக்க, எழுதப்பட்ட வானத்தை நோக்கும் இவ்விடத்தை விடக் கூர்மையான தனிமையைச் சங்க இலக்கியத்தில் நான் அதிகம் கண்டதில்லை. பிரிவின் துயரம் அவளை வருத்துகிறது என்பது எல்லா உரைகளும் சொல்வது. அவள் பருவத்திலிருந்தும் பிரிக்கப்பட்டிருக்கிறாள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பாசறைக் காட்சியில் வாடை கடைசி முறையாக வருகிறது. நள்ளிரவில் புண்பட்ட வீரரைக் காண அரசன் வெளியே வருகிறான். வாடை வீசுந்தோறும் விளக்குச் சுடர்கள் தெற்கு நோக்கிச் சாய்கின்றன. காற்று வடக்கிலிருந்து வருகிறது என்பதைப் புலவர் இங்கே சுடரைக் காட்டி உணர்த்துகிறார். அரசன் அதைக் கவனித்ததாகக் குறிப்பில்லை.

இனி, பயிற்சி ஆசிரியர் கேட்ட வினாவுக்கு வரலாம். இங்கே பருவமில்லை என்ற கூற்று எவ்வளவு உண்மை? முதலில் குளிரைப் பற்றிய ஒரு மயக்கத்தை நீக்க வேண்டும். நெடுநல்வாடையின் நடுக்கத்தைப் படிப்பவர் பனி உறையும் நிலத்தை எண்ணிவிடுகின்றனர். மதுரையில் இன்றும் டிசம்பர் இரவுகளின் வெப்பநிலை சராசரியாக 20, 21 பாகையளவில் இருப்பது. பினாங்கின் இரவு வெப்பநிலையோ 23, 24 பாகை. வேறுபாடு மூன்று பாகை அளவே. அக்டோபரில் இரண்டு நாள் விடாமல் மழை பெய்து கடற்காற்றும் சேர்ந்துவிட்டால், ஜார்ஜ் டவுன் நடைபாதைக் கடைகளில் மக்கள் கம்பளிச்சட்டை அணிந்து சூடான தேநீர்க் குவளையை இரு கையாலும் பற்றியிருப்பதைக் காணலாம். கோவலர் கை காய்ச்சிய காட்சி அங்கிருந்து வெகு தொலைவில் இல்லை.

இரண்டாவதாக, பெயர்கள் இங்கே இடம் மாறிக் கிடக்கின்றன. பினாங்கில் மழை மிகும் மாதங்கள் செப்டம்பரும் அக்டோபரும். வறண்டவை சனவரியும் பிப்ரவரியும். தை மாதம் ஏட்டில் முன்பனிக்கு உரியது. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குச் செல்லும் சாலையில் வெறுங்காலோடு நடப்பவர்க்கு அந்த முன்பனி தார்ச்சாலையின் சூடாகவே உணரப்படுகிறது. ஊர்வலப் பாதையில் நீர் ஊற்றிச் செல்வது எதற்காக என்று கேட்டால் சிறுவரும் சொல்வர். இந்த முரணை மறைக்காமல் வகுப்பில் வைத்தாலே பெரும்பொழுது என்பது நாள்காட்டியன்று, ஒரு நிலத்தில் வாழ்ந்தோர் திரட்டிய அறிகுறிகளின் தொகுதி என்பது விளங்கிவிடும்.

வாடைக்கும் இத்தீவில் தனி வரலாறு உண்டு. பாய்மரக் காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து வணிகத்திற்காக இங்கு வந்து சூலியா தெருவைச் சுற்றிக் குடியமர்ந்த தமிழ் முஸ்லிம்கள், ஊர் திரும்ப வடகிழக்குக் காற்றையே நம்பியிருந்தனர். நக்கீரரின் அரசிக்கு வாடை கணவன் வாராமையின் காற்று. நாகூரில் காத்திருந்த ஒரு பெண்ணுக்கோ அதே வாடை மரக்கலத்தை வீட்டுக்குக் கொண்டுவரும் காற்றாக இருந்திருக்கும். ஒரே காற்று கடலின் இக்கரையில் நிற்பவனுக்கு வேறு பொருள் தருகிறது. இதைக் கூறியபோது வகுப்பில் முதன்முறையாகச் சிலர் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தனர்.

வடக்கின் குளிர் தொடங்கிவிட்டது என்பதைப் பினாங்கில் முதலில் அறிவிப்பவை பறவைகள். செப்டம்பர் தொடங்கித் தகைவிலான் குருவிகள் மின்கம்பிகளில் மாலைதோறும் வரிசையாக அமர்வதை மாணவர் எல்லாரும் பார்த்திருக்கின்றனர். அவை ஏன் ஏப்ரலுக்குப் பின் காணாமற் போகின்றன என்று எவரும் கேட்டதில்லை. பெருநிலப் பகுதியில் தெலோக் ஆயர் தாவார் முதல் கோலா மூடா வரையுள்ள சேற்றுக் கரைக்கு ஆசியாவின் வடகோடியிலிருந்து கரைப்பறவைகள் வந்து தங்குகின்றன. சத்திமுத்தப் புலவரின் நாரை, துணையோடு குமரியில் நீராடி வடக்கே திரும்புவதாகக் கூறப்படுவதை நாம் கற்பனையாக மட்டும் நடத்திவருகிறோம். வலசை போகும் பறவையை அறிந்த ஒருவர், குளிரில் உடல் குறுக்கிக் கிடந்து பாடியது அது.

இலையுதிர்வும் இங்கே இல்லாமலில்லை. கடற்கரை ஓரத்து வாதுமை மரங்கள், மலாயில் கெத்தாப்பாங் எனப்படுபவை, இலை செந்நிறமாகி உதிர்வதை எஸ்பிளனேட் திடலருகே காணலாம். ஆயினும் மலேசியத் தமிழர் உடலால் அறிந்த இலையுதிர் காலம் ரப்பர்த் தோட்டத்தினுடையது. வறட்சி தெளிவாக அமையும் வடமாநிலங்களில், ஏறத்தாழ சனவரி இறுதி முதல் மார்ச்சு வரை ரப்பர் மரங்கள் இலை சிவந்து, கொட்டி, புதுத்தளிர் விடும். துரைமார் இதனை விண்டரிங் என்று தம் நாட்டுக் குளிர்காலத்தின் பெயரால் அழைத்தனர். தளிர் முதிரும்வரை பால் குறையும். எடைக்குக் கூலி பெற்றவர்க்கு இதன் பொருள் வெளிப்படை. வகுப்பில் ஒரு மாணவி, செபராங் பிறைத் தோட்டமொன்றில் மரம் வெட்டிய தம் பாட்டி இலை கொட்டும் காலம் வந்துவிட்டதை மேலே பார்த்து அறிந்ததில்லை, மங்கில் கிடக்கும் பாலைப் பார்த்தே அறிந்தார் என்று சொன்னார். பிச்சி அரும்பைக் கொண்டு மாலையை அறிந்த மகளிரைப் பற்றி நான் அரை மணி நேரம் விளக்கியதை அவர் ஒரு வாக்கியத்தில் விளக்கிவிட்டார்.

இதில் ஆய்வுக்குரிய செய்தி ஒன்றும் உள்ளது. அந்த இலையுதிர்வு நிகழும் மாசி, பங்குனி மாதங்கள் பின்பனிக்கு உரியன. தொல்காப்பியம் பின்பனியைப் பாலைக்கும் உரித்தாக்குகிறது. இலையற்ற மரம், வெயில், வருவாய் இழப்பு, ஊர்விட்டு வந்த வாழ்க்கை என்னும் நான்கும் ஒன்றுகூடும் தோட்டத்துப் பாடல்களையும் கதைகளையும் குறிஞ்சி என்றோ முல்லை என்றோ மலையும் காடும் கருதி வகைப்படுத்தும் வழக்கத்தை இது ஐயத்திற்கு உள்ளாக்குகிறது. நிலத்தால் முல்லையாகவும் பொழுதால் பாலையாகவும் நிற்கும் இலக்கியத்திற்கு எத்திணை வகுப்பது? முரசு நெடுமாறன் 1997இல் வெளியிட்ட மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியத்தை இந்த நோக்கில் ஒருமுறை முழுமையாகப் படித்துப் பார்க்கும் பணியை இளம் ஆய்வாளர் எவரேனும் மேற்கொள்ளலாம். நாள் கடத்துவதற்கில்லை. ரப்பர் இருந்த இடங்களில் பெரும்பகுதி செம்பனையாகிவிட்டது. செம்பனை பருவம் பார்த்து இலை உதிர்ப்பதில்லை. அந்தப் பாட்டியைப் போல் மங்கைப் பார்த்து மாதத்தைச் சொல்லக்கூடியவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ள இன்னும் சில ஆண்டுகளே உள்ளன.